காப்பி மேசையில் ஒரு கேள்வி

பெண் பார்க்கும் நாளன்று நம் இல்லங்களில் முன்பு நிகழ்ந்ததை மூத்தோர் நன்கு அறிவர். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் வரிசையாக அமர்ந்திருப்பர். பெண் தலை குனிந்தவாறு காப்பித் தட்டை ஏந்தி வருவாள். எல்லாருக்கும் கொடுப்பாள், தான் பருகமாட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே சென்றுவிடுவாள். அந்தச் சில நொடிகளில் அவளுடைய நிறமும் உயரமும் நடையும் அளந்து பார்க்கப்படும். அவள் உள்ளத்தில் என்ன இருந்தது என்று அறிய எவருக்கும் நேரம் இருந்ததில்லை. மாப்பிள்ளையின் உள்ளத்தைத்தான் யார் கேட்டார்கள்?

இன்று காட்சி மாறிவிட்டது. நிழற்படமும் குறிப்பும் கைப்பேசி வழியே வந்து சேர்கின்றன. இரு வீட்டாரும் ஓரளவு இசைந்தபின், "பிள்ளைகள் முதலில் பேசிக்கொள்ளட்டும்" என்கின்றனர். சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் இருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு காப்பிக் கடையில் சந்திக்கின்றனர். இங்கே பெண் காப்பி ஏந்தி வரவில்லை. எதிரே அமர்ந்து தானும் பருகுகிறாள். பார்க்கப்படுபவளாக மட்டுமின்றிப் பார்ப்பவளாகவும் இருக்கிறாள்.

"இதெல்லாம் நமக்கு அடுக்குமா?" எனக் கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்கள் கவலையை நாம் எள்ளவில்லை. ஆயினும் தொடக்க நூலின் 24-ஆம் அதிகாரத்தை அவர்கள் ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டுகிறோம். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி, தம் வீட்டு முதிய ஊழியரை அனுப்புகிறார். பெண் வர மறுத்தால் என் செய்வது என்று ஊழியர் வினவுகிறார். அப்படியானால் நீ எனக்கு அளித்த ஆணையினின்று விடுபட்டவன் என்கிறார் ஆபிரகாம். புறப்படும் முன்பே, பெண் மறுக்கவும் கூடும் என்பதற்கு அந்த முதுபெரும் தந்தை இடம் கொடுத்துவிட்டார் அன்றோ? பின்னர் ரெபேக்காவின் வீட்டார் அவளைக் கொடுக்க இசைகின்றனர். எனினும், உடனே புறப்படுவதா சில நாள் தங்குவதா என்ற பேச்சு எழுந்தபோது, பெண்ணையே அழைத்துக் கேட்கின்றனர். அவளும் தன் வாயாலேயே விடை தருகிறாள்.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், அதனை வேறெந்த மானிட ஆற்றலும் அவர்களுக்காக ஈடுசெய்ய இயலாது என்றும் எண் 1057-இல் கூறுகிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ நிகழ்ந்த திருமணம் செல்லாது என்கிறது எண் 1103. தாயும் தந்தையும் தர இயலாத ஒன்றை அவர்களே தந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்ளலாகாது.

திருமணச் சடங்கிலும், வாக்குறுதி கொடுக்கும் முன்னர், நீங்கள் கட்டாயமின்றி முழு மனத்துடன் வந்திருக்கிறீர்களா என்னும் பொருள்பட அருட்தந்தை கேட்கிறார். ஆனால் அவ்வேளையில் பந்தல் எழுந்தாயிற்று. மும்முறை ஓலை வாசித்தாயிற்று. விருந்துக்கு அரிசி வந்திறங்கியாயிற்று. உறவினர் அனைவரும் பின்னால் அமர்ந்திருக்க, 'இல்லை' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 'இல்லை' என்று சொல்வதற்கு ஏற்ற இடம் பீடமன்று, காப்பி மேசையே.

நாம் அறிந்த பெண் ஒருத்தி அவ்வாறு சென்று வந்தாள். பையன் நல்லவன். ஆனால் திருமணம் முடிந்ததும் தான் வெளிநாடு செல்லப்போவதாகவும், அவள் வேலையை விட்டுத் தன் பெற்றோருடன் தங்கவேண்டும் என்றும் கூறினான். தனக்கு அது இயலாது என்று அவள் வீட்டில் பணிவாகவே சொன்னாள். தந்தையோ அதற்குள் உறவினரிடம் பேசி முடித்திருந்தார். பல மாதங்கள் அவர் மகளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வரன் வந்தபோது அவள் எதையும் கேட்காமலேயே 'சரி' என்றாள். வீட்டில் மகிழ்ச்சி திரும்பியது. அந்தச் 'சரி'யைச் சம்மதம் என்று நாம் சொல்லத் துணிவோமா?

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை புறப்படும் முன்னரே, "பிடிக்கவில்லை என்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திரும்பியவுடன் வாசலிலேயே முடிவு கேளாதீர்கள். இரண்டு மூன்று நாள் விடுங்கள். மீண்டும் ஒருமுறை சந்திக்க விரும்பினால் இடம் கொடுங்கள். முடிவு தெரியுமுன் ஊருக்கு அறிவிக்காதீர்கள். மறுக்க நேரின், காலம் கடத்தாமல், குறை கூறாமல், மரியாதையுடன் தெரிவியுங்கள். எதிர்வீட்டிலும் ஒரு பிள்ளை காத்திருக்கிறது. எத்தனை பவுன் என்ற பேச்சையோ அறவே விலக்குங்கள். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் அதனைக் குற்றமெனக் கூறி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

இளையோர்க்கும் சில சொற்கள். பகல் வேளையில், பலரும் வந்துபோகும் இடத்தில் சந்தியுங்கள். எங்கே, யாருடன் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒரு மணி நேரம் போதும். காப்பிக்கு யார் பணம் கொடுப்பது என்பதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. வேலை, குடியிருக்கும் ஊர், முதிய பெற்றோரின் பராமரிப்பு, கடன், குடிப்பழக்கம், குழந்தைகள், இல்லத்தில் செபம் ஆகியவற்றைப் பற்றிக் கூச்சமின்றிக் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே உள்ளம் முழுவதையும் கொட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் பொய் ஒன்றும் சொல்லலாகாது. பெரும் நோய், பெருங்கடன், முந்திய திருமணம் போன்றவற்றை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கவல்ல ஒன்றை மறைத்து, சம்மதம் பெறுவதற்காகவே ஏமாற்றினால், அத்திருமணமே செல்லாது என்று எண் 1098 எச்சரிக்கிறது.

மற்றொன்றையும் கவனியுங்கள். ஆபிரகாமின் ஊழியர் கிணற்றருகே எதைப் பார்த்தார்? தமக்கு நீர் கொடுத்ததோடு நில்லாமல், கேளாமலேயே பத்து ஒட்டகங்களுக்கும் மொண்டு வார்த்த கைகளைப் பார்த்தார். உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர், காப்பி கொண்டுவந்து வைக்கும் பையனிடம் எவ்வாறு பேசுகிறார், உங்கள் சொல்லை முடிக்க விடுகிறாரா, இல்லாதவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். தன்குறிப்பில் எழுதப்படாத செய்திகள் இவை.

ஒரு குவளைக் காப்பி எவரையும் முழுமையாக அறியச் செய்யாது. அறிய விரும்புகிறோமா என்பதை மட்டும் அது காட்டும். அதுவே போதும். நம் பிள்ளைகள் பீடத்தின் முன் சொல்லும் 'ஆம்' உண்மையானதாய் இருக்க வேண்டுமாயின், அவர்கள் சொல்லக்கூடிய 'இல்லை'க்கும் நம் இல்லங்களில் அன்போடு இடம் கொடுப்போமாக.