இனிப்பு நீர்க்காரருக்குத் தனிச் சட்டி வேண்டாம்



இனிப்பு நீர் பணக்காரர் வியாதி என்று பேசிய காலம் மலையேறிவிட்டது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. நம் இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர்!

நோய் என்று தெரிந்ததும் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு மட்டும் உப்பு சப்பில்லாமல் ஏதோ ஒன்று. மற்றவர்களுக்கு வழக்கம்போல் தட்டு நிறையச் சோறு. இரண்டு வாரம் அவர் பொறுப்பார். மூன்றாவது வாரம், "போங்கடா, எனக்கும் போடு"ன்னு தட்டை நீட்டிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஒரு வீட்டில் இரண்டு சமையல் நிலைக்காது. நம் சம்பளமும் அதற்கு இடம் கொடுக்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: நோயாளிக்குத் தனிச் சட்டி வைக்காதீர்கள். வீட்டுச் சட்டியையே மாற்றுங்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கும் இந்தச் சாப்பாடே நல்லது.

சோற்றை அடியோடு விடுங்கன்னு யாரும் சொல்லல. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கைப் பிடியுங்கள். தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்வு, தெம்பே இவற்றில் ஒன்று. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் நட்டால் பாதிச் செலவு குறையும். மரவள்ளி, உருளைக்கிழங்கு ரெண்டும் சோற்றுக் கணக்கு, காய்கறிக் கணக்கு இல்லை. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். "கூழ் நல்லதாச்சே"ன்னு மூணு கிண்ணம் குடிச்சா சீனி ஏறத்தான் செய்யும். கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அளவோடு நிறுத்துங்கள்.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். தேத்தண்ணிக்கு ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். சோற்றைக் குறைத்துவிட்டு நாளைக்கு நாலு கிளாஸ் தே தாரேக் குடித்தால் குறைத்தது எங்கே போயிற்று? சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்; நாக்கு பழகிக்கொள்ளும்.

இன்னொன்று, பட்டினி மருந்தாகாது. பசியாறாமல் பெரட்டுக்குப் போய், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெயிலில் உழைப்பவர்கள் நம்மில் உண்டு. கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடுபவருக்கும் இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இது ஆபத்து. சீனி 4க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும், தலை சுற்றும். கையில் உளியோ அரிவாளோ இருக்கும் நேரத்தில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

"கிலோ கணக்குச் சம்பளத்துல உக்காந்து சாப்பிட ஏது நேரம் டிரெசர்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைத் தொழிலாளி தலையில் மட்டும் சுமத்தக்கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் 30 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு தரவேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அந்த அரை மணி நேரம் இனிப்பு நீர்க்காரருக்கு மாத்திரைக்குச் சமம். அது கிடைக்காத இடத்தில் தோட்டக் கமிட்டி பேச வேண்டும். தொழிலாளியும் கிடைத்த ஓய்வை வேலையில் கரைக்காமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

கடைசியாக, பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்பார்கள். கட்டுப்பாடில்லாத சீனிதான் கெடுக்கிறது. நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீர்க்காரர்களே.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது சமைக்கிறவரையும் கூட்டி வாருங்கள். அம்மாவானாலும் மனைவியானாலும் மகனானாலும் சரி, சட்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் நான் பேச வேண்டும்.