கால் விழுக்காடும் கார் கடனும்

"அண்ணே, ஓ.பி.ஆர். இறங்கிடுச்சுன்னு சொல்றாங்க. இப்ப எனக்கு லோன் கிடைச்சிடும்தானே?"

2025 ஜூலை 9-ஆம் தேதி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் கொள்கை வட்டியை (ஓ.பி.ஆர்.) 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75-க்கு இறக்கியது. ஐந்து ஆண்டுகளில் அதுவே முதல் குறைப்பு. அதன்பின் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாத முகவரோ கடன் ஆலோசகரோ நம்மில் இருக்க முடியாது. என்னிடம் கேட்ட தம்பி கிள்ளான்காரர், வயது 29. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை, சம்பளம் 5,200 ரிங்கிட். பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்து, பழைய கிள்ளான் சாலைப் பக்கம் எழும்பும் கொண்டோமினியம் ஒன்றின் விளம்பரத் தாளை மேசையில் விரித்தார். விலை 500,000 ரிங்கிட். முன்பணம் வேண்டாம், வழக்கறிஞர் செலவு இல்லை, முத்திரை வரி இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டோம். 450,000 ரிங்கிட் கடன், 35 ஆண்டு. ஓ.பி.ஆரோடு சேர்ந்து ஏறி இறங்கும் அடிப்படை வட்டியான எஸ்.பி.ஆருக்கு மேல் வங்கி 1.25 விழுக்காடு வைக்கிறது என்று கொள்வோம். ஜூலைக்கு முன் வட்டி 4.25, சில்லறையைத் தள்ளினால் மாதத் தவணை 2,060. குறைப்புக்குப் பின் வட்டி 4.00, தவணை 1,992. மிச்சம் 68 ரிங்கிட். அதையே வாங்கும் சக்தியாக மாற்றிப் பார்த்தால், முன்பு 450,000 கடன் வாங்க முடிந்தவர் அதே தவணையில் இப்போது 465,000 வரை வாங்கலாம். நாளிதழ்களில் தலைப்புச் செய்தியான வட்டிக் குறைப்பு, வீடு வாங்குபவரின் கையில் சேர்ப்பது இந்தப் பதினைந்தாயிரத்தைத்தான்.

அடுத்து அவர் சம்பளச் சீட்டுக்கு வந்தோம். சேமநிதி, சொக்சோ, வருமான வரிப் பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 4,500. டி.எஸ்.ஆர். வரம்பு, அதாவது வருமானத்தில் கடன் தவணைகளுக்குப் போகக்கூடிய பங்கு, வங்கிக்கு வங்கி மாறும். 60 விழுக்காடு என்று வைத்தால், எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் 2,700 வரை கட்டலாம். கார் தவணை 700. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 150. கிரெடிட் கார்டுக்கு 50. வீட்டுக்கு மிஞ்சுவது 1,800. நான்கு விழுக்காட்டில் அந்த 1,800 தாங்கும் கடன் 406,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். கார் தவணை மட்டும் இல்லாதிருந்தால் 564,000.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு கார், 158,000 ரிங்கிட் வீட்டுக் கடனைத் தின்றுவிடுகிறது. கால் விழுக்காடு வட்டிக் குறைப்பு கொடுத்ததைப்போல் அது பத்து மடங்கு. பேங்க் நெகாரா கூட்டம் எப்போது, எவ்வளவு குறைப்பார்கள் என்று நாம் வாடிக்கையாளர்களுடன் மணிக்கணக்கில் பேசுகிறோம். கார் தவணை எப்போது முடிகிறது என்ற கேள்வியை எத்தனை பேரிடம் முதலில் கேட்கிறோம்? கிள்ளான் பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது எல்லாருக்கும் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுக்கும் 23 வயதுப் பையனுக்கு, 30 வயதில் அவன் வாங்கக்கூடிய வீட்டை அது சுருக்கிவிடும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் நாம்தான். கார் விற்பவர் அதைச் சொல்லப் போவதில்லை.

வட்டி ஏறிய காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 ஜூலையில் ஓ.பி.ஆர். 1.75-க்கு இறங்கியது. 2022 மே முதல் 2023 மே வரை ஐந்து முறை, ஒவ்வொரு தடவையும் கால் விழுக்காடாக ஏறி 3.00-ஐத் தொட்டது. மேலே சொன்ன அதே 450,000 கடனுக்கு, வட்டி 3.00 ஆக இருந்தபோது தவணை 1,731. அது 4.25 ஆனபோது 2,060. மாதம் 329 ரிங்கிட் கூடுதல். 2021-இல் டி.எஸ்.ஆர். விளிம்பு வரை இழுத்துப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தவர்கள் நம் தொழிலில் உண்டு. என் பழைய கோப்புகளைப் புரட்டினால் அப்படி இரண்டு மூன்று என் கையெழுத்திலேயே இருக்கின்றன. அந்தக் குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்று ஓ.பி.ஆர். 2.75-இல் கணக்குப் போடும்போது 4.00-இலும் ஒரு முறை போட்டுக் காட்டுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டது அந்தக் கோப்புகளால்தான்.

ஏற்கெனவே கடன் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு, அதை நாம் சரியாகச் சொல்வதில்லை. வட்டி இறங்கியதும் தவணையைக் குறைத்துக்கொள்ளாமல் பழைய 2,060-ஐயே தொடர்ந்து கட்டினால், 35 ஆண்டுக் கடன் ஏறக்குறைய இரண்டு ஆண்டு நான்கு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிகிறதா, முன்பணமாகச் சும்மா நிற்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

இனி அந்தத் தாளின் முன்பக்கம். "முன்பணம் வேண்டாம்" என்றால் என்ன? எஸ்.பி.ஏ. (விற்பனை ஒப்பந்த) விலை 500,000. மேம்பாட்டாளர் 10 விழுக்காடு ரிபேட் தருகிறார், ஆகவே வாங்குபவர் உண்மையில் கொடுக்கும் விலை 450,000. வங்கி எஸ்.பி.ஏ. விலையை வைத்து 90 விழுக்காடு கொடுத்தால் அதுவும் 450,000. அதாவது விலை முழுவதும் கடன். நுழையும்போது கைப்பணம் ஒரு காசு வேண்டாம்; ஆனால் வீட்டில் அவருக்குச் சொந்தமான பங்கும் ஒரு காசு கிடையாது. ரிபேட்டை வங்கியிடம் மறைக்காமல் சொல்லி, நிகர விலையில் கணக்கிட்டால் கடன் 405,000, தவணை 1,793. நம் தம்பியின் 1,800-க்குள் அது சரியாக அடங்குகிறது! ஆனால் 45,000 ரிங்கிட் கையில் வேண்டும். சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய செஜாத்தெரா கணக்கில் அவருக்கு இருப்பது சுமார் 14,000.

இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் நம் தொழிலின் நேர்மை இருக்கிறது. ரிபேட் வாங்குபவரின் கையில் பணத்தைச் சேர்ப்பதில்லை. நாளை அடைக்க வேண்டிய கடனாக அவர் தலையில் ஏறுகிறது, மாதம் 199 ரிங்கிட் கூடுதல் தவணையாக 35 ஆண்டுக்கு. மூன்றாம் ஆண்டில் வேலை போய், வீட்டை விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும்? பக்கத்து வீட்டுக்காரரும் உண்மையில் 450,000-க்கு வாங்கியவர்தான். சப்சேல் (மறுவிற்பனை) சந்தை அந்த விலையைத்தான் பேசும். மூன்று ஆண்டில் கட்டிய தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருக்கும். விற்றும் கடன் தீராமல் போகலாம். அப்படிப்பட்ட வீடுகள்தான் லேலோங் (ஏல) பட்டியலில் வருகின்றன.

இது புதிய நோயும் அல்ல. கட்டுமானக் காலத்து வட்டியை மேம்பாட்டாளரே ஏற்பார் என்று சொன்ன டி.ஐ.பி.எஸ். திட்டத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வட்டி வீட்டு விலைக்குள்ளேயே புதைக்கப்பட்டிருந்தது. ஊக வாங்கல் பெருகியது. 2013 அக்டோபரில் தாக்கலான 2014 வரவு செலவுத் திட்டத்தில் அது தடை செய்யப்பட்டது. பெயர்தான் மாறியிருக்கிறது, செலவை விலைக்குள் புதைக்கும் பழக்கம் மாறவில்லை. 2019-இல் நடந்த வீட்டுடைமை இயக்கத்தின் விற்பனை 23.2 பில்லியன் ரிங்கிட். அரசு முத்திரை வரியை விட்டுக்கொடுத்தது, மேம்பாட்டாளர்கள் விலையில் பத்து விழுக்காடு குறைத்தார்கள். நல்ல இயக்கம்தான். ஆனால் அந்த ஆண்டு முடிவிலும் நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிந்தும் விற்காமல் நின்றன. ஊக்கத்தொகை, வாங்கக் கூடியவரை இன்று வாங்க வைக்கும். வாங்க முடியாதவரை வாங்க முடிந்தவராக்க அதனால் முடியாது. அதற்குச் சம்பளம் ஏற வேண்டும், அல்லது விலை இறங்க வேண்டும்.

அரசின் சலுகைகள் வேறு வகை. அவை உண்மையான பணம். முதல் வீட்டுக்கு, 500,000 ரிங்கிட் வரை, மாற்றுப் பத்திரத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முழு முத்திரை வரி விலக்கு. 2026 வரவு செலவுத் திட்டம் இதை 2027 முடியும் வரை நீட்டித்திருக்கிறது. 500,000 வீட்டுக்கு, 450,000 கடனுக்கு, இதில் மிச்சமாவது 11,250 ரிங்கிட். ஆனால் வரம்பைத் தாண்டினால் முழுதும் போய்விடும். 510,000 வீட்டை வாங்குபவர் 11,595 ரிங்கிட் முத்திரை வரி கட்டுவார். விலையில் பத்தாயிரம் கூடியதற்கு வரி அதைவிட அதிகம். கார் நிறுத்துமிடம், ஃபர்னிச்சர் பேக்கேஜ் என்று எதையாவது எஸ்.பி.ஏ. விலையில் சேர்த்து வரம்பைத் தாண்டவிட்டு, பிறகு வாடிக்கையாளர் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டாம்.

வட்டிக்கான வருமான வரி விலக்கில் நம் ஆட்களே தடுமாறுகிறார்கள். 2025 தொடக்கம் முதல் 2027 முடிவு வரை எஸ்.பி.ஏ. போடும் முதல் வீட்டுக்கு, 500,000 வரை ஆண்டுக்கு 7,000, அதற்கு மேல் 750,000 வரை 5,000. தொடர்ந்து மூன்று ஆண்டு. இந்த 7,000 அப்படியே கைக்கு வரும் என்று சொல்லி விற்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். வராது. வரிக்குரிய வருமானத்தில்தான் அது கழியும். நம் தம்பி 6 விழுக்காட்டு வரிப் படியில் இருக்கிறார். அவருக்கு அது ஆண்டுக்கு 420 ரிங்கிட். மேலும், வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்தே அந்த மூன்று ஆண்டு ஓட ஆரம்பித்துவிடும். கட்டிக்கொண்டிருக்கும் கொண்டோவில் முதல் ஆண்டு வங்கி கொஞ்சமாகத்தான் பணம் விடும், வட்டியும் கொஞ்சம்தான். சலுகையின் முதல் ஆண்டு பாதி வீணாகும். கட்டி முடிந்த வீட்டை வாங்குபவருக்கு அந்த இழப்பு இல்லை.

பராமரிப்புக் கட்டணத்தையும் அந்தத் தாளில் யாரும் எழுதவில்லை. 900 சதுர அடிக்கு 40 காசு என்றால் 360; அதில் பத்து விழுக்காடு சேமிப்பு நிதி, ஆக 396. டி.எஸ்.ஆர். கணக்கில் வங்கிகள் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. ஆனால் சம்பளத்திலிருந்து போவது அதுவும்தான். 396 ரிங்கிட் தாங்கக்கூடிய கடன் 89,000. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கொண்டோவையும் கிள்ளானில் ஒரு தரைவீட்டையும் ஒப்பிட்டுப் பேசும்போது, இந்த எண்பத்தொன்பதாயிரத்தை வைக்காத ஒப்பீடு அரைகுறை ஒப்பீடு. பயணச் செலவையும் அதே கண்டிப்போடு வைக்கத்தான் வேண்டும்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்களை நாம் கவனிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜாலான் துன் சம்பந்தனில் மாலை கட்டுபவருக்கும் கிராப் ஓட்டுபவருக்கும் எஸ்.ஜே.கே.பி. கடன் உத்தரவாதம் இருக்கிறது, 500,000 ரிங்கிட் வரை. ஆறு மாதம் வரவைத் தவறாமல் வங்கியில் போட்டுவரச் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இல்லை, கமிஷன் தள்ளிப் போகிறது என்பதால் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம். இது எனக்கு உறுத்துகிறது.

நம் மக்களுக்கு வீடு என்பது தனிக் கதை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள், ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். வேலை முடிந்த அன்றே கூரையும் போனது. பழைய ரயில்வே முற்றம் இருந்த இடத்தில் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. சொந்த வீடு வாங்கத் துடிக்கும் பிள்ளைகளின் அவசரத்தில் அந்த நினைவு இருக்கிறது. அந்த அவசரத்தைத்தான் முன்பணம் இல்லை என்ற கொட்டை எழுத்து பிடித்துக்கொள்கிறது. புக்கிங் பணம் வாங்கும் முன், எஸ்.பி.ஏ. விலை, ரிபேட், நிகர விலை, நிகர விலைக்குக் கடன் எவ்வளவு, தவணை, பராமரிப்பு, வட்டி ஒன்றேகால் விழுக்காடு ஏறினால் தவணை, இவற்றை ஒரே தாளில் எழுதி வாங்குபவர் கையில் கொடுங்கள். இந்த இதழில் அதற்கொரு படிவம் இணைத்திருக்கிறோம். நகல் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

தம்பி அன்று கொண்டோ விளம்பரத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கொமுட்டரில் கிள்ளானுக்குத் திரும்பினார். கார் தவணை முடிய இன்னும் 19 மாதம் என்று போவதற்கு முன் சொன்னார். பத்து நாள் கழித்து அழைத்தார்.

"அண்ணே, எங்க தாமான்லயே ஒரு பழைய வரிசை வீடு, 380,000 வெள்ளி கேக்குறாங்க. கணக்குப் போட்டுப் பாத்தேன், தவணை 1,514 வருது. அப்பா கொஞ்சம் பணம் தர்றேன்னு சொல்றாரு. கூரை ஒழுகுதான்னு மட்டும் வந்து பாக்கறீங்களா?"

சனிக்கிழமை காலை போகிறேன். முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது.