வெட்டுப்புள்ளிக்கு ஒரு திகதி

கல்வி, உயர்கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை நான். பெறுபேற்றைத் தருவது பரீட்சைத் திணைக்களம். அந்தப் பெறுபேறு எதற்குக் காணும் என்று சொல்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இரண்டும் உங்கள் பொறுப்பில் இருப்பதால் இம்மடலை உங்களுக்கே எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களைப் பற்றியது இது.

பெறுபேறு வந்த ஓர் இரவில் என் மாணவி ஒருத்தி அழைத்தாள். "ரீச்சர், ஒரு ஏ, ரெண்டு பி" என்றாள். நான் மகிழ்ந்துபோய் ஏதோ சொல்லத் தொடங்க, அவள் இடைமறித்தாள். "இசட் 1.4 சொச்சம். போன முறை வெட்டுப்புள்ளியைவிடக் கொஞ்சம்தான் கூட. இந்த முறை காணுமோ?" பிறகு தாய் தொலைபேசியை வாங்கினார். "கம்பஸ் கிடைக்குமோ கிடைக்காதோ, அதை மட்டும் சொல்லுங்கோ ரீச்சர்." பல வருடங்களாகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். அந்தத் தாய்க்கு என்னால் சொல்ல முடிந்தது, "பொறுத்துப் பாப்பம் அம்மா" என்பது மட்டும்தான்.

இசட் புள்ளி நல்ல முறை என்று நம்புகிறவள் நான். ஒரு பாடத்தில் எல்லாரும் 70 எடுத்தால் அந்த 70க்குப் பெரிய மதிப்பில்லை. கடினமான வினாத்தாளில் எடுத்த 55 அதைவிட உயர்ந்ததாக இருக்கலாம். ஆகவே பாடத்தின் சராசரியிலிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை, அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுத்துப் பார்க்கிறோம். மூன்று பாடங்களுக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுத்தால் பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களோடு வரும் எண் கிடைத்துவிடும். 2001 முதல் இதுதான் வழக்கம்.

ஆனால் அந்த எண் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி. அது வரும்வரை 1.4 என்பது விலை எழுதாத காசு.

2023 ஆம் ஆண்டுப் பரீட்சையில் தகுதி பெற்றவர்கள் 170,000 பேருக்கு மேல். அரச பல்கலைக்கழகங்களுக்குள் போவது அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். மற்ற மூவரும் தாங்கள் அந்த மூவர் என்பதை அறியவும் அதே அளவு காத்திருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு பெரிதாக வலிப்பதில்லை. பெறுபேறு வருமுன்பே தனியார் நிறுவனம் ஒன்றில் ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கிவிடலாம், கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். என் வகுப்புப் பிள்ளைகள் கடைகளில் கணக்கெழுதப் போகிறார்கள். தகப்பனோடு வயலில் இறங்குகிறார்கள். வெளிநாட்டுக்கு முகவரைத் தேடுகிறார்கள். பெண்பிள்ளை என்றால் கலியாணப் பேச்சும் இந்த மாதங்களில்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இரண்டாம் தடவை. பிள்ளைகள் "செகண்ட் ஷை" என்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். ஆகவே ஒவ்வொரு தடவையும் பெறுமதியானது. 2022 ஆம் ஆண்டுப் பரீட்சையின் பெறுபேறு 2023 செப்டெம்பர் 4 வந்தது, அடுத்த பரீட்சை 2024 ஜனவரி 4 தொடங்கியது. சரியாக நாலு மாதம். அந்தப் பரீட்சையின் பெறுபேறு 2024 மே 31 வந்தது. நவம்பர் பரீட்சைக்கான விண்ணப்பக் காலம் ஜூலையில் முடிந்தபோது வெட்டுப்புள்ளி வெளிவந்திருக்கவில்லை. அதாவது, தனக்கு இடம் கிடைத்ததா என்று தெரியாமலே ஒரு பிள்ளை திரும்பப் படிக்கத் தொடங்க வேண்டும். படித்தால், கிடைக்கப்போகும் இடத்துக்காக வீணாக உருகியதாக முடியலாம். படிக்காவிட்டால், கிடைக்காத இடத்துக்காக ஒரு தடவையை இழந்ததாக முடியலாம். நிச்சயமின்மையோடு நுண்கணிதம் படிக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறவள் என்பதால் சொல்கிறேன்.

பிந்துவதற்குக் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. 2023இல் வரிக் கொள்கையை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்த மறுத்தார்கள். 2024 நவம்பரில் மழையும் வெள்ளமும் பரீட்சையையே சில நாள் நிறுத்தின. அவை பெறுபேறு பிந்தியதற்கான காரணங்கள். பெறுபேறு வந்த பிறகு எஞ்சுவது பிள்ளைகளின் விண்ணப்பங்களும் கணக்கும்தான். மாவட்டச் சனத்தொகை முன்பே தெரிந்தது, இட எண்ணிக்கையும் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். வெட்டுப்புள்ளி என்ற சொல் எங்கள் வீடுகளில் வெறும் நிர்வாகச் சொல் அல்ல. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 250 எடுக்க வேண்டியிருந்தது, சிங்களமொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதுமாயிருந்தது. அந்தத் தரப்படுத்தலில் இடம் இழந்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். அவர் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார், ஆனால் தன் புள்ளியைக் கடைசிவரை மறக்கவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் அவர் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன். ஆய்வுகூடம் ஒழுங்காக இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த என் பிள்ளைகள் அதனால்தான் பொறியியல் பீடத்துக்குள் போகிறார்கள். அவர் இருந்த காலத்தில் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி எத்தனையோ தரம் வாதாடியிருக்கிறோம். அவருடைய ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கவில்லை: "அவங்கள் போட்ட கணக்குச் சரியெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களைச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்து, தனித்தனியே கணிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று தகப்பனாருடைய கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

ஆகவே என் கோரிக்கை இது. பரீட்சைக்குத் திகதி அறிவிப்பதுபோல வெட்டுப்புள்ளிக்கும் திகதி அறிவியுங்கள். பிந்தினால் ஏன் என்பதையும் புதிய திகதியையும் அன்றே சொல்லுங்கள். மீண்டும் தோற்றுவோரின் விண்ணப்பக் காலம் வெட்டுப்புள்ளி வந்த பிறகு இரண்டு கிழமையாவது திறந்திருக்கட்டும். பிள்ளைக்கு ஏ, பி, சி மட்டும் போதாது, பாடத்தில் எடுத்த புள்ளியையும் காட்டுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சராசரியையும் நியம விலகலையும் பெறுபேற்றோடு சேர்த்து வெளியிடுங்கள். இசட் புள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு கரும்பலகை போதும். என் பிள்ளைகளும் போட்டுப் பார்ப்பார்கள், அது அவர்களுடைய பாடத்திட்டத்தில் உள்ள கணக்குத்தான்.

1.4 சொச்சம் எடுத்த மாணவி இரண்டாம் தடவைக்கு என்னிடம் வரத் தொடங்கியிருக்கிறாள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு வகுப்பு. வந்து இருந்ததும் கொப்பியைத் திறக்குமுன் தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறாள். நான் தடுப்பதில்லை.

இப்படிக்கு,
இணைந்த கணித ஆசிரியை,
கிளிநொச்சி.