காவிரிக் கரையில் சிலுவை, கருவறையில் வடமொழியா?

முசிறிப் பாலத்தைக் கடந்து குளித்தலையில் இறங்கிக் கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தண்ணீர்ப்பள்ளி. அங்கே காவிரியின் தென்கரையில், மரச்செறிவின் நடுவே, ஒரு கிறித்தவத் துறவகம் உள்ளது. 1950-ஆம் ஆண்டில் சூல் மொன்சானின், என்றி லெ சோ என்னும் பிரெஞ்சுத் துறவியர் இருவர் நிறுவியது அது. 1968-இல் ஆங்கிலத் துறவி பீடு கிரிபித்சு பொறுப்பேற்று, 1993-இல் மறையும் வரை அதனை வளர்த்தார். கோயில் நம் கோயிலைப் போன்றே இருக்கின்றது. வாயிலிற் கோபுரம், அதில் இறைவனின் மூவொருமையைக் காட்டும் மும்முகத் திருவுரு. கருவறை மேல் விமானம். அதிலே மரியன்னையும் பேதுருவும் பவுலும் பெனடிக்டும். காவியுடுத்துத் தரையிலமர்ந்து கையால் உண்டு எளிமையாய் வாழ்ந்த அப்பெரியோரை இகழ்வது நம் நோக்கமன்று. வானை முட்டும் மேனாட்டுக் கூர்ங்கோபுரமே கிறித்தவத்தின் முகம் என்றிருந்த நாளில் (திருச்சி உலூர்து அன்னை கோயிலைக் கண்டோர் அறிவர்) இம்மண்ணின் வடிவை நாடியது துணிவான செயலே.

ஆனால், அத்துறவகத்தின் பெயர் என்ன? சச்சிதானந்த ஆசிரமம்! சோலையின் பெயர் சாந்திவனம்! நிறுவியோர் பூண்ட பெயர்கள் பரம அரூபி ஆனந்தம், அபிசிக்தானந்தர்! தமிழ்ப் பாடல்களும் அங்கு ஒலிக்கின்றன, அதனை மறைக்கவில்லை. ஆயினும் பெயரிலும் மந்திரத்திலும் தலைமை வடமொழிக்கு. தமிழுக்குப் பக்கத்துப் பாய். மூவொரு கடவுளைச் 'சச்சிதானந்தம்' என வழங்கத் தலைப்பட்டோர் கேசவ சந்திர சென், பிரமபாந்தவ உபாத்தியாயர் ஆகிய வங்காளத்தார். கங்கைச் சமவெளியில் முளைத்த சொல்லைக் காவிரிக்கரையில் நட வேண்டிய தேவை என்ன வந்தது?

அத்துறவகத்தைச் சுற்றி என்ன இருக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். குளித்தலைக் கடம்பந்துறையும் ஐயர்மலையாகிய வாட்போக்கியும் அப்பர் பாடிய ஊர்கள். ஆற்றின் இப்பக்கம், எம் முசிறிக்கு அருகில், சம்பந்தர் பாடிய ஈங்கோய்மலை. மூன்று திருப்பதிகளையும் ஒரே நாளில் நடந்து வணங்கும் வழக்கம் இன்றும் உண்டு. மூன்று பக்கமும் தேவாரம் சூழ்ந்த இடத்தில் குடியேறிய அறிஞர்க்கு இந்நாட்டின் இறைமொழியாய்த் தோன்றியது வடமொழி! குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. நம் கோயிற் கருவறைகளில் நாமே தமிழை வாயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம். வந்தவர் கண்டதைக் கொண்டார்.

அதே காவிரி கீழே சென்று கொள்ளிடமாய்ப் பிரிந்து ஏலாக்குறிச்சியை அடைகின்றது. திருக்காவலூர் எனப் பெயர் சூட்டிக் கலம்பகம் பாடினாரே வீரமாமுனிவர், அவ்வூர்தான். இத்தாலியிற் பிறந்த அவருக்கு ஒரு மரவேலைத் தச்சனின் வாழ்வைப் பாட வடமொழி தேவைப்படவில்லை. சூசையை வளன் ஆக்கினார். 3615 பாடல்களில் தேம்பாவணி தொடுத்தார். கோணான்குப்பத்திலே மரியன்னைக்குத் தமிழ்ப்பெண்ணின் ஆடையணி பூட்டிப் பெரியநாயகி என்றார். தைரியநாதர் என்றிருந்தவர் வீரமாமுனிவர் என வழங்கப்பட்டதையும் நினைக. பதினெட்டாம் நூற்றாண்டில் இயன்றது இருபதாம் நூற்றாண்டில் இயலாமற் போனதேன்?

1969-இல் இந்திய ஆயர்கள் உரோமையின் இசைவோடு பன்னிரண்டு மாற்றங்களை வழிபாட்டிற் புகுத்தினர். காலணி களைதல், தரையிலமர்தல், கைகூப்பல், எண்ணெய் விளக்கேற்றல் முதலாயின. எம் பக்கத்துச் சிற்றூர்க் கிறித்தவர் இவற்றை எந்த ஆணையைப் படித்துக் கற்றனர்? சிறு கோயில்களில் வழிவழியாக இவ்வாறே வணங்கி வருவோர் அவர்கள். தேரிழுப்பதும், கும்மியடிப்பதும், தவக்காலத்தில் ஒப்பாரி மெட்டில் இயேசுவின் பாடுகளைப் பாடுவதும், விடிய விடிய வாசகப்பா ஆடுவதும் அவர்கள் வளர்த்த கலை. அது 'நாட்டுப்புறம்' என ஒதுக்கப்பட்டது. மந்திரமும் ஆரத்தியும் 'இந்தியப் பண்பாடு' எனப் போற்றப்பட்டது. தமிழ்க் கிறித்தவருட் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட குடியினர். எந்த மறையைக் கேட்டால் காதில் ஈயம் உருக்கி ஊற்றுக என்று அறநூல் எழுதினரோ, அந்த மறையின் மொழியையே 'உன் பண்பாடு' என்று அவன் பேரனிடம் நீட்டுவது எத்துணைக் கொடுமை! பறையைக் கருவறைக்குள் கொண்டுவாருங்கள். அதன்பின் பண்பாடு பேசுவோம்.

1980-களில் வடபுலத்து இந்துத்துவத்தாரும் இத்துறவகத்தின் மீது பாய்ந்தனர். ஓங்காரத்தைத் திருடிவிட்டனர் என்பது அவர்கள் முறையீடு. அவர்கள் தங்கள் உடைமையைத் திரும்பக் கேட்டனர். நாம் கேட்பது வேறு: எங்கள் ஆற்றங்கரையில் எங்கள் மொழிக்குரிய இடம்.

இயலாது என்று எவரும் சொல்லற்க. இதே திருச்சபை சர்வேசுரனைக் கடவுள் ஆக்கிற்று. ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு ஆக்கிற்று. 1995-இல் திருவிவிலியம் என நற்றமிழ்ப் பெயரோடு மறைநூலை வெளியிட்டது. திருச்சி மறைமாவட்டத்தில் 1977-இல் தொடங்கிய கலைப்பள்ளிக்குக் கலைக்காவிரி என்றல்லவா பெயர்! தனிநாயக அடிகள் பிறந்ததும் இத்திருச்சபையில்தான். திருச்சிப் பிசப்பு ஈபர் பள்ளியில் 1934 முதல் 1943 வரை தமிழ் கற்பித்த மொழிஞாயிறு பாவாணரும் கிறித்தவக் குடியினரே.

ஆதலின் கிறித்தவத் தமிழன்பர்களே, தண்ணீர்ப்பள்ளிக்கு நீங்களே செல்லுங்கள். பணிவோடு அமருங்கள். வழிபாடு முடிந்ததும் அங்குள்ள துறவியரிடம் ஒன்று கேளுங்கள்: சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றுக்கும் உண்மை, அறிவு, இன்பம் என்று தமிழில் மூன்று சொற்கள் உள்ளனவே, அவற்றால் போற்றினால் உங்கள் கடவுளுக்குக் கேளாதா?