மாத்திரைக்கு அடங்காத வலிப்பும் காந்தச் சிகிச்சையும்

வலிப்பு நோயுள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு யோசனை சொல்லாதவர் இல்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பவர் முதல் தாயத்துக் கட்டச் சொல்பவர் வரை எல்லோரையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். இப்போது புதிதாக ஒரு பேச்சு: "மண்டையைத் திறக்காமல் காந்தத்தாலேயே வலிப்பை நிறுத்திவிடலாமாம், மாத்திரையே வேண்டாமாம்." வாசக நேயர்களே, இதில் பாதி மெய், மறுபாதி ஆபத்து.

மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்புகளால் இயங்குகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் கட்டுமீறி ஒரே நேரத்தில் துடிப்பதே வலிப்பு. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர் குழுவினரும் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, அதில் கணநேரம் மின்சாரம் பாய்ச்சினர். அதனால் எழுந்த காந்தப்புலம் மூளையைத் தூண்ட, கைத்தசை அசைந்தது! நொடிக்கு ஒன்று என மெதுவாகத் துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்தினால், அவ்விடத்து நரம்பணுக்களின் பரபரப்பு தணிவதாகப் பின்னர் அறியப்பட்டது. வலிப்பையும் இவ்வாறு தணிக்கலாமே என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. தலைத்தோலில் ஈரப் பஞ்சு வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்தும் முறையும் உண்டு. இரண்டிலும் கத்தியில்லை, மயக்க மருந்துமில்லை.

ஆனால் பலன்? சில ஆய்வுகளில் வலிப்பு குறைந்தது. வேறு சிலவற்றில் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வுகளோ மிகக் குறைவு. அவற்றிலும் மாத்திரையோடு சேர்த்தே இது தரப்பட்டது. இதை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், ஓயாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைக்கு அடங்கவில்லை என்பது முதலில் மெய்தானா? பொருத்தமான இரண்டு மருந்துகளை உரிய அளவில் ஒழுங்காக உட்கொண்டும் வலிப்பு நிற்காவிட்டால்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது 2010-ல் உலக வலிப்பு மருத்துவர்கள் வகுத்த இலக்கணம். விடுதியில் தோழர்கள் பார்ப்பார்களே என்று கூசி விழுங்காத மாத்திரை, பெண்பிள்ளையின் திருமணப் பேச்சுக்கு அஞ்சி வீட்டாரே மறைத்துவைத்த மாத்திரை, ரமலானில் வேளை தவறிய மாத்திரை - இவை மருந்தின் தோல்வியாகா. ரமலானில் இரவுத் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை நாம் அறிந்தும் பிள்ளைகளிடம் சொல்லத் தவறுகிறோம்.

மெய்யாகவே அடங்காத வலிப்பாயின், காந்தத்தைவிட உறுதியான சான்றுள்ள வழி அறுவைச் சிகிச்சை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 18 வயதுக்குட்பட்ட 116 பேரிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அறுவைச் சிகிச்சை பெற்றோரில் 77 விழுக்காட்டினர் ஓராண்டின் முடிவில் வலிப்பின்றி இருந்தனர். மருந்து மட்டும் பெற்றோரில் 7 விழுக்காட்டினரே. இது எல்லோருக்கும் பொருந்தாது; சிலருக்குக் கைகால் பலவீனம் போன்ற குறைகளும் நேர்ந்தன. எனினும் 'மூளை அறுவை' என்ற சொல்லுக்கே நடுங்கி ஆண்டுகளை இழப்பவர் நம்மிடையே பலர்.

நரம்பியல் மருத்துவரிடம் காந்தச் சிகிச்சை பற்றித் தாராளமாகக் கேளுங்கள். என் பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை பொருந்துமா எனப் பரிசோதித்தீர்களா என்றும் கேளுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், விடுபட்ட மாத்திரை எல்லாம் குறித்த நோட்டையும், கைப்பேசியில் படம் பிடித்திருந்தால் அதையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.