நாய் விடுதிக்குச் சோதனையாளர் வருமுன்

பொங்கலுக்கு ஊர் செல்வோர் விட்டுச்செல்லும் நாய்களை வீட்டிலேயே பேண எண்ணும் உப்பல் அன்பர்கட்கு இம்மாதம் சில சொல்வோம். "குட்டி விற்பதில்லையே, நமக்கேன் பதிவு?" என்பார் உளர். அவ்வாதம் செல்லாது. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள், நாய் வளர்ப்போர் என்னும் சொல்லிலேயே விடுதி நடத்துவோரையும் அடக்கியுள்ளன. மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவுச் சான்று வேண்டும். மாநகராட்சி வணிக உரிமம் பற்றித் தனியே கேட்டறிக.

சுவருக்கு வெள்ளையடிக்கக் காட்டும் ஊக்கத்தை நம்மவர் ஏட்டில் காட்டுவதில்லை! நாய் வந்த நாள், சென்ற நாள், உரியவர் முகவரி, வெறிநோய்த் தடுப்பூசி இட்ட நாள் யாவும் எழுதப்பெறல் வேண்டும். ஊசிச் சான்றில்லாத நாயை, உற்ற நண்பருடையதாயினும், வாயிலிலேயே மறுத்துவிடுக. வெறிநோயின் குறி தோன்றியபின் நாயாயினும் மனிதராயினும் பிழைப்பது அரிதினும் அரிது. குழந்தைகள் ஓடியாடும் தெருவில் தாட்சணியம் ஆகாது.

தனியறை ஒன்றும் இன்றியமையாதது. கடித்த நாயைப் பத்து நாள் தனித்து வைத்துக் கவனிக்க வேண்டும். கழிச்சல் கண்ட குட்டியைப் பிறவற்றோடு விட்டால், பார்வோ கிருமி மற்றக் குட்டிகளையும் பற்றும். தகரக் கூரையிட்டோர் மே மாத வெயிலை நினைத்துப் பார்ப்பாராக. நாய்க்கு நம்மைப்போல் மேனியெல்லாம் வியர்ப்பதில்லை. கூரைமேல் கீற்று வேய்ந்து, நிழலில் தண்ணீர்த் தொட்டி வைத்தல் பெருஞ்செலவன்று.