கார் நிக்கோபார் வீடுகளுக்கு ஒரு மடல்: பிள்ளைகளை எழுதவிடுங்கள்

ஹெட்குவார்ட்டர்ஸ், பெர்கா, மலாக்கா, லபாத்தி, மூஸ் பக்கத்து அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டு நிக்கோபாரி அண்ணன்களுக்கும் ஊர்க் கேப்டன்மாருக்கும் இதை இந்தியில் சொல்லிவிடுங்கள். இந்த மடலில் பாதி அவர்களுக்குத்தான்.

மெயின்லேண்டில் பி.பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. படிக்கிற நம் பிள்ளைகள் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பாடத்தைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் ஃபீட்பேக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள். ஆனால் மனதில் இருப்பதை எழுதுவதில்லை. அதற்குப் பாதிக் காரணம் நீங்கள். கோபப்படாமல் மேலே வாசியுங்கள்.

அப்பா நம் தீவின் பவர் ஹவுஸில் வேலை பார்த்த காலத்தில் பிளஸ் டூ முடித்துக் கப்பலேறியவள் நான். இப்போது ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்துகிறேன். அதனால் இந்த ஃபீட்பேக்கை இரண்டு பக்கமிருந்தும் எனக்குத் தெரியும்.

அது நடக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் இறங்கும் என்பதால் கம்ப்யூட்டர் லேபில் கூட்டம் நெரியும். ஒருவன் லாகின் செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் நிற்பவன், "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு எந்திரிடா, பஸ் போயிரும்" என்பான். ஆறு பாடம், ஆறு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் நிறையக் கேள்விகள். மவுஸ் வலது ஓரக் கட்டத்திலேயே மளமளவென்று இறங்கும். கடைசியில் கருத்து எழுத ஒரு பெட்டி. 'குட்', 'நைஸ்', 'ஆல் குட் மேம்'. சிலர் வெறும் புள்ளி வைப்பார்கள். பெட்டி காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. புள்ளி வைத்தால் ஏற்றுக்கொள்ளும்!

இப்படி வந்த எண்களைக் கூட்டி வகுத்து, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை சராசரி எடுத்து, நாக் கோப்பில் வைப்போம். கல்லூரிகளுக்குத் தரம் கொடுக்க 1994-இல் தொடங்கிய அமைப்பு நாக். 2017-இல் அது தன் முறையை மாற்றியபோது மாணவர்களிடமே நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. பாடத்திட்டத்தில் எத்தனை சதவீதம் நடத்தினார்கள், ஆசிரியர் தயாராக வந்தாரா என்று 20 கேள்விகளுக்கு டிக் அடிக்கலாம். 21-ஆவது கேள்வி மட்டும், கற்பித்தல் மேம்பட மூன்று யோசனை எழுது என்கிறது. என்னைக் கேட்டால் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

எண்களை நான் இப்படித் தள்ளிப் பேசக் காரணம் உண்டு. 1970-இல் அமெரிக்காவில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்று அறிமுகப்படுத்தி, மருத்துவர்கள், மனநல நிபுணர்கள் முன்னால் பேச விட்டார்கள். பேச்சில் சரக்கே கிடையாது. முன்னுக்குப் பின் முரண், இல்லாத சொற்கள். ஆனால் ஆள் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். 1973-இல் இது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. 2010-இல் வந்த இன்னொன்றை நம் ஊர் ஏர்ஃபோர்ஸ் கேம்ப்காரர்கள் ரசிப்பார்கள், ஏனென்றால் அது அமெரிக்க விமானப்படை அகாடமியில் நடந்தது. கேரல், வெஸ்ட் என்ற இருவர் கணக்குப் பாடத்தை ஆராய்ந்தார்கள். மாணவர்கள் அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையை நன்றாக எழுதினார்கள். அதற்கடுத்த கணக்குப் பாடத்தில் பின்தங்கினார்கள். பிள்ளைகளைக் கொஞ்சம் வாட்டி எடுத்த அனுபவசாலிகளின் மாணவர்கள் அங்கே முன்னே நின்றார்கள்.

பெண் ஆசிரியர் என்றால் கதையே வேறு. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆன்லைன் வகுப்பு ஒன்றில் ஆசிரியரின் பெயரை ஆண் பெயராகவும் பெண் பெயராகவும் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தது ஒரே வேகத்தில்தான். ஆனால் பெண் பெயருக்கு அந்த வேகத்துக்கே குறைந்த மதிப்பெண் விழுந்தது. எனக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. 'மேம் கொஞ்சம் சிரிக்கலாம்' என்று எனக்கு எழுதுவார்கள். பக்கத்து அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் சாருக்கு எழுத மாட்டார்கள். கனடாவில் ரையர்சன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2018-இல் நடுவர் தீர்ப்பே வந்தது: ஆசிரியரின் பதவி உயர்வுக்கு இந்தச் சராசரியைக் கொண்டு கற்பிக்கும் திறனை அளக்கக் கூடாது என்று.

அப்படியானால் ஃபீட்பேக் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு செமஸ்டரில் என் மேலாண்மைக் கோட்பாடுகள் பாடத்துக்கு வந்த கருத்துகளில், 'ஆல் குட்' வரிசைக்கு நடுவே, உடைந்த ஆங்கிலத்தில் ஒன்று இருந்தது. அதன் சாரம் இது: "புத்தகத்தில் ஓனர், மேனேஜர், தொழிலாளி என்று வருகிறது. எங்கள் ஊரில் தென்னந்தோப்பு ஒருவர் பேரில் இல்லை, துஹேத் என்ற கூட்டுக் குடும்பத்தின் பேரில். அங்கே இவர்களில் யார் யார்? பன்றி வளர்ப்பதும் கொப்பரை போடுவதும் மேனேஜ்மென்ட் இல்லையா?" பேர் கிடையாதுதான். ஆனால் அறுபது பேர் வகுப்பில் துஹேத் என்று எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்?

அந்த நாலு வரி எனக்குக் கொடுத்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஃபயோலின் 14 கோட்பாடுகளை நடத்தி முடித்த கையோடு, அடுத்த பேட்ச்சுக்குத் துஹேத்தை ஒரு பாடமாக வைத்தேன். யார் எந்த மரத்தில் பறிப்பது, விருந்துக்கு எந்தப் பன்றியை விடுவது, கொப்பரையை எல்லோன் ஹினெங்கோ கூட்டுறவுக்குக் கொடுப்பதா வைத்திருப்பதா என்று ஒரு பெரிய குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்கிற விதம். அதோடு எலினார் ஆஸ்ட்ரமையும் சேர்த்தேன். பொதுச்சொத்தைத் தனியார் கையிலோ அரசாங்கத்தின் கையிலோ கொடுக்காமல் அதை அனுபவிக்கிறவர்களே கட்டிக்காக்க முடியும் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் வாங்கிய அம்மா. திருப்பூர், பொள்ளாச்சிப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். எழுதியவனுக்கு மட்டும் அதனால் பலனில்லை. அவன் அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டான். பாடம் முடிந்தபிறகு கேட்கிற ஃபீட்பேக்கின் கோளாறு அது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் உதவும்.

இனி உங்களிடம் வருகிறேன். "வாத்தியாரைப் பத்தி ஏதாச்சும் எழுதி வச்சிடாதே, இன்டர்னல் மார்க் அவங்க கையில" என்று போனில் சொல்கிறீர்கள். பல பிள்ளைகள் என்னிடமே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் சும்மா என்று சொல்ல மாட்டேன். மதிப்பெண்ணில் ஒரு பங்கு ஆசிரியர் கையில் இருப்பது நிஜம். வகுப்புக்கு ஒரே ஒரு தீவுப் பிள்ளை என்றால் பேர் எழுதாவிட்டாலும் மறைவு கிடையாது என்பதும் நிஜம். அதற்கு வழி வாயை மூடுவதல்ல. ஆசிரியரை விட்டுவிட்டுப் பாடத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்: எந்த யூனிட், எந்த இடம், ஏன் புரியவில்லை. நாலைந்து பேர் கலந்து பேசி ஒரே விஷயத்தை எழுதினால் யார் என்று தேட முடியாது. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நடக்கும் கல்லூரியானால் வகுப்புக் குழுக் கூட்டம் உண்டு. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர்தான் அதற்குத் தலைவர். செமஸ்டர் பாதியிலேயே அங்கே பேசினால், பேசியவனுக்கே பலன் கிடைக்கும்.

படிவத்தில் இல்லாததை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் தீவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எத்தனை படிவம் வந்தது! நிவாரணம், இழப்பீடு, நிரந்தர வீடு என்று. குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். துஹேத்துக்குக் கட்டமே கிடையாது. பணமும் வீடும் தனித்தனிக் குடும்பமாகப் பிரிந்து வந்தன. ஒன்றாகத் தோட்டம் பார்த்தவர்களுக்கு நடுவே அது என்ன செய்தது என்று மானுடவியலாளர் சிம்ரன் ஜித் சிங் எழுதியிருக்கிறார். நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். படிவம் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. புத்தகத்தில் படித்த குடும்பத்தை வைத்துப் போட்டார்கள். அப்படிப்பட்ட படிவங்களைத் தயாரிக்கிற வேலைக்கு நாளை போகப் போகிறவர்கள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நம் பிள்ளை உட்கார்ந்து புள்ளி வைத்துவிட்டு வரலாமா?

நவம்பரில் பரீட்சை. பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் படிவம் திறக்கும். 2020 ஆகஸ்டில் கடலடிக் கேபிள் வந்தபிறகு முன்போல் லைன் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, பீஸ் கட்டியாச்சா என்று கேட்கிற போனிலேயே, மேனேஜ்மென்ட் வகுப்பில் என்ன நடத்தினார்கள், அதில் எது நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்றும் கேளுங்கள். பதில் வந்தால், "அதையே எழுது" என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் அவரைப் பற்றியும் எழுதட்டும். எது நன்றாக இருந்தது என்று எழுத வேண்டும், வெறும் 'குட்' வேண்டாம்.

இன்னொன்று, கேப்டன்மாரிடமும் துஹேத் பெரியவர்களிடமும். வகுப்பில் நான் வைத்த பாடம் என் ஞாபகத்திலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் எழுதியது. அடுத்த ஆண்டுக்கு அதை நம் பிள்ளை ஒருவரே, தன் துஹேத்தைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும் என்று ஆசை. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு வரும்போது கொப்பரைக் கணக்கு எப்படிப் பார்க்கிறீர்கள், சண்டை வந்தால் யார் தீர்க்கிறார்கள் என்று கேட்டு வரலாம். சம்மதம் தர வேண்டியது நீங்கள். பேர் வேண்டாம் என்றால் போட மாட்டோம், வெளியே சொல்லக்கூடாததைத் தொட மாட்டோம், எழுதியதை முதலில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவோம். சரி என்றால் மூஸில் என் பழைய வகுப்புத் தோழர்களிடம் சொல்லியனுப்புங்கள். அவர்களிடம் என் நம்பர் இருக்கிறது. வேண்டாம் என்றாலும் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸ் பெண்
கோயம்புத்தூர்